பதினைந்து மாத்திரைகள்

அத்தையின் முன்பல் ஒன்றில் நூல் நுழையும் அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. மேல்வரிசையில், வலது பக்கம். சிரித்தால் தெரியும். பிறவியிலேயே வந்ததல்ல, பட்டு இழை அறுத்த பள்ளம். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் வைத்து இழையைக் கடித்துக் கடித்து, அது போய் உட்காருவதற்கென்றே பல்லில் ஓர் இடம் உண்டாகிவிட்டது. கத்தரிக்கோல் பக்கத்திலேயேதான் கிடக்கும். அதை எடுத்து, விரலை நுழைத்து, வெட்டி, மறுபடி கீழே வைக்கிற நேரத்தில் நாலு இழை பிணைத்துவிடலாம் என்பது அவள் வாதம். "கத்திரிக்கோலு கையத் தட்டி எங்கனா உருண்டு பூடும். பல்லு எங்கடா பூடப்போவுது?" என்பாள். நான் மருந்து படித்தவன் என்ற திமிரில் பல்லின் எனாமலைப் பற்றி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அவள் செய்தது பிணைக்கிற வேலை. தறியில் நீளவாக்கில் ஏற்றிய இழைகள், அதாவது ஒரு பாவு, நெய்து முடிந்ததும் அடுத்த பாவைப் புதிதாக முதலிலிருந்து கோத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பழைய பாவின் கடைசி இழைகளைத் தறியிலேயே விட்டுவைத்து, அந்த ஒவ்வொரு முனையோடும் புதுப் பாவின் முனை ஒன்றைச் சேர்த்து முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான முனைகள். நாக்கில் விரலைத் தொட்டு, சாம்பலில் தொட்டு, இரண்டு முனைகளையும் சேர்த்து ஒரு திருகு. மிச்சம் நீட்டிக்கொண்டிருந்தால் ஒரு கடி. நாளெல்லாம் விரல் வாய்க்கும் சாம்பலுக்கும் போய்வந்துகொண்டே இருக்கும். இன்று கடையில் உட்கார்ந்து கை கழுவும் திரவம் விற்கும்போது அதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. ஆனால் அன்று அந்த விரல்களின் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நான் ஒரு தம்ளர் டீயை ஆறவிட்டிருக்கிறேன்.

ஒரு பாவுக்கு இரண்டு பேர் உட்காருவார்கள். ஆளுக்கோர் ஓரத்தில் தொடங்கி, பிணைத்துக்கொண்டே நடுவுக்கு வந்து சேர வேண்டும். அத்தைக்கு ஜோடி எப்போதும் ஒரே ஆள்தான். தேசூரில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள், அதனால் தெருவுக்கே அவள் தேசூரம்மா. அத்தையைவிட நாலைந்து வயது சிறியவள். எங்கள் ஊரிலேயே சைதாப்பேட்டை என்ற பக்கத்தில் வீடு. காலையில் நடந்து எங்கள் வீட்டுக்கு வந்து, அத்தையையும் கூட்டிக்கொண்டு, அன்று எந்தத் தறிக்காரர் கூப்பிட்டிருக்கிறாரோ அங்கே போவாள். ஒரு பாவில் உட்கார்ந்துவிட்டால் இரண்டு பேருக்கும் எல்லாம் பாதிப் பாதி. கூலி மட்டுமல்ல, தறிக்காரர் வீட்டில் கொடுக்கிற டீ, வெற்றிலை, வாழைப்பழம், போண்டா எல்லாமே. இரண்டு டீ வந்தாலும் ஒன்றில் சர்க்கரை கூடவோ என்று மாற்றி மாற்றி ஊற்றிக் குடிப்பார்கள். ஒருத்திக்கு வீட்டில் விசேஷம் என்றால் அடுத்தவள் தனியாகப் போய் உட்கார மாட்டாள். பிணைக்கிறவர்கள் எல்லாருமே அப்படித்தான் இருந்தார்கள், அதில் இந்த இரண்டு பேரும் கொஞ்சம் அதிகம்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணம் வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்று ஜெயித்தவள். எங்கள் வீட்டில்தான் இருந்தாள், ஆனால் யார் தயவிலும் இருக்கவில்லை. என்னை மருந்தாளுநர் படிப்புக்கு வேலூருக்கு அனுப்பியதில் அவள் பிடிவாதமும் உண்டு. படித்து முடித்து, ஊரிலேயே பஜாரில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்பேன். தெருவில் பாதிப் பேர் என்னை டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள் என்பது எனக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் உறைத்தது. அதுவரை அந்த வார்த்தைக்கு நான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தைக்குக் கீழ்வரிசைக் கடைவாய்ப் பல் சூத்தை. வருஷக்கணக்காக இருந்தது. வலிக்கும்போது கிராம்பை நசுக்கி அதில் அடைப்பாள், இரண்டு நாளில் அடங்கிவிடும். அந்த வருஷம் ஆடி முடியப்போகிற நேரம், அது அடங்கவில்லை. ஆவணி முகூர்த்தத்துக்குத் தறிகளெல்லாம் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருந்த சமயம். பிணைக்கிறவர்களை ஆள்விட்டு அழைத்துப்போவார்கள். ஒரு நாள் காலை, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு அத்தை கடைக்கே வந்துவிட்டாள். பல் டாக்டரிடம் போ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத் தோன்றவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், தோன்றியது. ஆனால் முதலாளி அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், நாலு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள், அத்தை எல்லார் காதிலும் விழும்படி, "எங்க வூட்டு டாக்டரு கீறப்போ நான் எதுக்கு இன்னோர்த்தன்கிட்ட போவணும்?" என்று சொல்லிவிட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வாயைத் திற என்றுகூட நான் கேட்கவில்லை. கிருமிக்கு ஒன்று, வலிக்கு ஒன்று என்று எடுத்துவைத்தேன். கிருமிக்கான மாத்திரை பதினைந்து. ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஐந்து நாள். உறையின் மேல் பேனாவால் எழுதி, வாயாலும் சொன்னேன்.

"அஞ்சு நாளு உடாம போடணும் அத்தே. வலி நின்னுச்சின்னு நிறுத்திடாத."

"தெரியும்டா. பெரிய டாக்டரு," என்று உறையை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மறுபடி வந்தாள். கன்னம் லேசாக வீங்கியிருந்தது. மாத்திரை தீர்ந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் கொடு என்றாள். நான் கணக்குப் போட்டேன். பதினைந்து மாத்திரை இரண்டரை நாளில் தீர்ந்தது என்றால் வேளைக்கு இரண்டு இரண்டாக விழுங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதில் பாதி பயம், பாதி என் பேச்சைக் கேட்கவில்லை என்ற எரிச்சல்.

"இன்னா அத்தே, கடலை மிட்டாயா அது? ரெண்டு ரெண்டா துன்னியா? படிச்சிப் படிச்சி சொன்னேன்ல?" என்று கடையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால் கத்தினேன். யாரோ ஒருவர் சிரித்தார். அத்தையின் வாய்க்கு யார் எதிரில் நின்றாலும் பிழைக்க முடியாது, அன்று பேசாமல் நின்றாள். அதை அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும். இனிமேல் கிருமி மாத்திரை கிடையாது, ஏற்கெனவே அதிகமாகப் போட்டுவிட்டாய் என்று சொல்லி, வலி மாத்திரை மட்டும் ஆறு கொடுத்து அனுப்பினேன். நாளைக்கு டாக்டரிடம் போ என்றும் சொன்னேன். பிணைப்பு நடுவில் நிற்கிறது, இன்னும் ஒரு நாள் ஆகும், முடித்துவிட்டுப் போகிறேன் என்றாள். இவள் எழுந்துவிட்டால் அந்தப் பக்கம் தேசூரம்மாவும் எழ வேண்டும், தறிக்காரர் வேறு ஜோடியைத் தேட வேண்டும்.

வலி மாத்திரை வலியை மட்டும்தான் நிறுத்தும். உள்ளே நடப்பது நடந்துகொண்டே இருக்கும். இதை நான் பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியிருக்கிறேன். மறுநாள் முழுக்க அத்தை பாவில் உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் வந்து சேர்ந்து, கடைசி இழையையும் திருகிவிட்டுத்தான் எழுந்திருக்கிறாள். அதற்கடுத்த நாள் விடிந்து, அம்மா அவளை எழுப்பப் போனபோது, தாடைக்குக் கீழே இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை வீங்கியிருந்தது. கழுத்து கல் மாதிரி இருந்தது. வாயை ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்க முடியவில்லை. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு, எச்சில் விழுங்க முடியாமல் வழிந்துகொண்டிருந்தது. படுக்க வைத்தால் மூச்சு முட்டியது, உட்கார வைத்தால் கொஞ்சம் பரவாயில்லை. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. நான் அவள் எதிரில் போய் நின்றேன். அவள் என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். வாய் நிறைய எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி சத்தம் வந்தது, ஒரு சொல்லும் விளங்கவில்லை.

ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்த உடனே ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள். கண்ணமங்கலம் தாண்டுகிறவரை அவள் மூச்சை நான் எண்ணிக்கொண்டு வந்தேன், பிறகு எண்ணப் பயமாக இருந்தது. என் அம்மா படவேட்டு அம்மனுக்கு வேண்டிக்கொண்டே வந்தாள். காலையில் வழக்கம்போல் வந்திருந்த தேசூரம்மா அத்தையின் முதுகைத் தாங்கி உட்கார்ந்திருந்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் அத்தையைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அங்கே போனதும் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். வாய் வழியாக மூச்சு போக இடமில்லை. தாடைக்குக் கீழே கீறிச் சீழை வடித்தார்கள், அந்தக் கடைவாய்ப் பல்லையும் எடுத்தார்கள். அன்றைக்குத்தான் அவளுக்குச் சர்க்கரை இருப்பதும் தெரிந்தது, அதுவும் சாதாரணமாக இல்லை. என்னை உட்கார வைத்துப் பேசிய டாக்டர் நிதானமானவர். வாயில் எப்போதும் கிருமிகள் குடியிருக்கின்றன, பல்லும் ஈறும் நன்றாக இருக்கிறவரை அவை வாசலோடு நிற்கும். சூத்தையில் வழி கிடைத்தால் வேர் வரை இறங்கும். வேரிலிருந்து தாடை, தாடையிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து நெஞ்சு. ரத்தத்தில் கலந்தால் இருதயத்தின் வால்வில்கூடப் போய் உட்காரும். சர்க்கரை இருக்கிற உடம்பில் அதற்குத் தடையே இல்லை, ஈறு கெட்டால் சர்க்கரையும் ஏறும். "பல்வலின்னு சொல்றீங்க. பல்லு உடம்புலதானே இருக்கு?" என்றார். இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. தெரிந்தவன் செய்ததுதான் என்னைக் கொன்றது.

நாலாம் நாள் அத்தை கண்ணைத் திறந்து எல்லாரையும் பார்க்க ஆரம்பித்தாள். கழுத்தில் குழாய் இருந்ததால் பேச முடியாது. டாக்டர் அவள் கட்டிலருகே நின்று, "மாத்திரை போட்டீங்களாமே? பாதியில நிறுத்தின மாதிரி இருக்கு. யாரு குடுத்தது?" என்று கேட்டார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். எனக்குப் பக்கத்தில் தேசூரம்மா. அத்தை எங்கள் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கித் தன் நெஞ்சிலேயே விரலை வைத்துக் காட்டினாள். நானேதான், நானே வாங்கிப் போட்டுக்கொண்டேன், நானே நிறுத்தினேன் என்று அர்த்தம். நான் வாயைத் திறந்து, "நான்தான் சார் குடுத்தேன்" என்று சொல்லியிருக்கலாம். ஐந்து சொல்கூட இல்லை. சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன், எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கடைக்குக் கெட்ட பேர் வரும் என்று நினைத்தேன். எல்லாம் ஒரு நொடியில் நினைத்தேன். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அத்தை பிழைத்தாள். மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் ஒரு தழும்பு, தாடைக்குக் கீழே ஒரு தழும்பு. குரல் கொஞ்ச நாள் கரகரத்து, பிறகு பழைய குரலே வந்துவிட்டது. அதோடு பழைய வாயும் வந்தது. பிணைக்கப் போனாள், தேசூரம்மாவும் போனாள். சர்க்கரைக்கு மாத்திரை நான்தான் மாதாமாதம் எடுத்துவருவேன், வேளை தவறாமல் போடுவாள். ஈறு பார்க்க ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பல் டாக்டரிடம் கூட்டிப்போவேன், திட்டிக்கொண்டே வருவாள். அந்த மாத்திரையைப் பற்றி மட்டும் நானும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. பேச ஆரம்பித்தால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் பொழப்பு போகக்கூடாதுன்னுதான்டா சொல்லல என்பாள். அதைக் கேட்கிற தைரியம் எனக்கில்லை. என் கல்யாணம், சொந்தக் கடை, பிள்ளைகள் எல்லாம் அந்த விரல் அசைவில் வந்தவை என்றே நம்பினேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவளுக்கு நல்ல புடவையாக எடுத்துக்கொடுப்பேன். "இன்னாத்துக்குடா இவ்ளோ?" என்பாள். புடவையை அவள் மடியில் வைத்துவிட்டு நான் கடைக்குக் கிளம்பிவிடுவேன்.

அத்தை போய் மூன்று வருஷமாகிறது. தூக்கத்தில் போனாள், நிம்மதியான சாவு. அவள் இல்லாத வீடு எனக்கு இன்னும் பழகவில்லை. சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது, யாரையாவது திட்டுகிற சத்தம் கேட்கிறதா என்று காது தானாகத் தேடுகிறது. என் கடைக்குப் பஜாரில் ஒரு பேர் உண்டு, பேஜார் பிடித்த கடை. டாக்டர் சீட்டு இல்லாமல் கிருமி மாத்திரை கேட்டால் தரமாட்டேன். எதிர்க்கடையில் கொடுக்கிறானே என்பார்கள், அங்கேயே போங்கள் என்பேன். என் மனைவிக்கு இதில் வருத்தம்தான்.

போன மாதம் ஒரு காலை, கடை திறந்து கொஞ்ச நேரத்தில் தேசூரம்மா வந்தாள். இப்போது பெண் வீட்டில் இருக்கிறாள். முதுகு வளைந்துவிட்டது. ஒரு கையால் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கன்னத்தைப் பிடித்திருந்தாள்.

"நல்லா கீறியா தம்பி? பல்லு உயிர் போவுது. ஒரு மாத்திரை குடு."

டாக்டரிடம் போகலாம் வாங்கம்மா என்றேன்.

"டாக்டரெல்லாம் வேணாம். அந்த மாத்திரை இருந்தா குடு, போதும். உங்க அத்தைக்கு அப்ப ஒண்ணு குடுத்தியே, செவப்பும் மஞ்சளுமா? எனக்கும் அப்ப பல்லு வலிதான். ரெண்டு பேரும் ஒரே பாவுல உக்காந்துகினு, அந்தப் பக்கம் அவ முனகறா, இந்தப் பக்கம் நான் முனகறேன். அவதான் பிரிச்சிக் குடுத்தா. பதினஞ்சு இருந்துச்சு. எட்டு எனக்கு, ஏழு அவளுக்கு. இன்னாடி எனக்கு ஒண்ணு கூடன்னு கேட்டா, நீதான் சின்னவ, துன்னுன்னா. ரெண்டே நாளுல எனக்கு நின்னுபோச்சி. அப்பறம் இத்தினி வருஷம் அந்தப் பல்லு வலிக்கவே இல்ல."

நான் மறுபடி கணக்குப் போட்டேன். வேளைக்கு ஒன்றாகப் போட்டால் ஏழு மாத்திரை இரண்டு நாளைக்குக் கொஞ்சம் கூட வரும். மூன்றாம் நாள் தீர்ந்துவிட்டது என்று வந்து நின்றவளை, கடலை மிட்டாயா என்று கேட்டவன் நான். கட்டிலில் படுத்துக்கொண்டு எங்கள் பக்கம் அவள் பார்த்தது என்னையல்ல, எனக்குப் பக்கத்தில் நின்றவளை. இத்தனை வருஷம் அத்தை என்னைக் காப்பாற்றினாள் என்று நான் எனக்குள்ளே வைத்து உருகிக்கொண்டிருந்ததை நினைத்தால் வெட்கமாக இருந்தது, சிரிப்பும் வந்தது, அழுகை அதைவிட அதிகமாக வந்தது. பதினைந்தையும் அவளே போட்டிருந்தாலும் தப்பியிருப்பாள் என்று சொல்ல முடியாது. வேரில் சீழ் நின்ற பிறகு மாத்திரை மட்டும் என்ன செய்யும் என்று அந்த வேலூர் டாக்டரே சொன்னார். ஆனால் தேசூரம்மாவிடம் அதையெல்லாம் எப்படிப் பிரித்துச் சொல்வது? கேட்டால் அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் மனதில் நிற்கும். எட்டு என்ற கணக்குதான் நிற்கும்.

"அந்த மாத்திரை இப்ப வர்றதில்லம்மா," என்றேன். அது என் முதுகுக்குப் பின்னால் இரண்டாவது தட்டில் இருந்தது.

அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டாள்.

"ஏன் தம்பி, ஒரே மாத்திரைதான? எனக்குக் கேட்டுச்சே, உங்க அத்தைக்கு மட்டும் ஏன் கேக்கல?"

"அத்தைக்குச் சக்கரை இருந்துச்சும்மா. அதனாலதான்."

"ஆமா, சொன்னாங்க." அவள் கண் கலங்கியது. "அப்பவே அது தெரிஞ்சிருந்தா என் பங்கையும் அவளுக்கே குடுத்திருப்பேனே."

நான் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, அவள் கையைப் பிடித்துப் படியில் இறக்கினேன். பல் டாக்டர் இரண்டு கடை தள்ளி இருந்தார்.